ஹெச்.ஆர். படிப்புக்கு நகையை அடகு வைக்காதீர்கள்

மதுரை வில்லாபுரத்தில் வீட்டோடு தையல் வேலை எடுத்துச் செய்யும் ஓர் அம்மாவின் கேள்வி. மகள் பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறாள். தாய்மாமன் தனியார் கல்லூரியில் பி.பி.ஏ., பிறகு எம்.பி.ஏ. ஹெச்.ஆர். (மனிதவள நிர்வாகம்) என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நகையை அடகு வைத்துச் சேர்க்கலாமா என்று அம்மா கேட்கிறார். மகளோ, உதவிக்கு வரும் பெண் எந்தத் தையலில் தடுமாறுகிறாள் என்று நோட்டில் குறித்து வைக்கிறவள்.

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் உங்கள் தம்பி சொல்வது சரியில்லை. ஒருவரின் திறமையை எடைபோடுவதுதான் ஹெச்.ஆர். வேலையிலேயே கனமான பகுதி. வேலை தெரியாதவரிடம் மதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுத்தால் எல்லோருக்கும் ஐந்துக்கு மூன்று போடுவார். அல்லது போன வாரம் தப்பு செய்தவருக்கு வருஷம் முழுமைக்கும் குறைத்துவிடுவார். ஐந்து வருஷப் படிப்பு அந்தக் கண்ணைத் தந்துவிடாது.

உங்கள் மகளுக்குப் பொருந்துவது ஆயத்த ஆடை ஆலைகளில் 'ஐ.இ.' (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) என்று கூப்பிடும் வேலை; தைக்கும் நேரத்தை அளந்து திறனைக் கணக்கிடுவது. கையில் ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக லைனில் நிற்க வேண்டும். காலர் வைக்கும் ஒருவர் பீஸை எடுத்ததில் ஆரம்பித்து, அடுத்த பீஸில் கை வைக்கும் வரை ஒரு சுற்று. குறைந்தது பத்துச் சுற்றாவது அளக்க வேண்டும். நூல் அறுந்த சுற்றைத் தனியே குறிக்க வேண்டும். சராசரி 25 விநாடி என்று வையுங்கள். அவர் வழக்கத்தைவிட வேகமான கை என்றால் ரேட்டிங் 120 (சாதாரண வேகம் 100). 25 விநாடி 30 ஆகும். களைப்பு, பாபின் மாற்றுவது, தண்ணீர் குடிப்பது இதற்கெல்லாம் 20 சதவீதம் சேர்த்தால் ஒரு பீஸுக்கு 36 விநாடி, அதாவது 0.6 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்ததும் கை வேகம் மாறிவிடும், அதனால் முதல் சில சுற்றுகளை நம்பக் கூடாது.

இனி கணக்கு. 480 நிமிட ஷிப்டில் 560 பீஸ் என்றால் 560ஐ 0.6ஆல் பெருக்க 336 நிமிட வேலை. அதை 480ஆல் வகுத்தால் திறன் 70 சதவீதம். அன்றைக்கு மெஷின் பழுதாகி 60 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால்? 336ஐ 420ஆல் வகுக்க வேண்டும், 80 சதவீதம். அந்தப் பத்து சதவீதம் தொழிலாளியின் குற்றமே இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்தான் நியாயமான மதிப்பீட்டாளர். தைத்ததில் எத்தனை பீஸ் பிரித்துத் தைக்கத் திரும்பியது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். வேகம் மட்டும் பார்த்தால் அவசரக்காரிக்கே பரிசு போகும்.

வழி இதுதான். கே. புதூர் அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் போய், ஒரு வருஷத் தையல் தொழில்நுட்பப் பிரிவு அங்கேயா, பக்கத்து ஊரிலா என்று கேளுங்கள். முடித்ததும் ஆலையில் மெஷினில் உட்காரட்டும், பிறகு ஐ.இ. உதவியாளர் வேலைக்குக் கேட்கட்டும். பட்டம் வேண்டுமென்றால் வேலையோடு இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் படிக்கலாம்; மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது. ஷிப்ட் நேரம் கடுமைதான், கால் வலிக்கும். அதையும் மறைக்காமல் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

பணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கல்விக் கடனைப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டினால் போதும் என்பார்கள்; வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். நகைக் கடனுக்கு அந்த அவகாசமும் கிடையாது.

கல்லூரிக்கு முன்பணம் கட்டுமுன் ஒரு சோதனை. நீங்கள் பத்து காஜா எடுங்கள். மகள் போனில் நேரம் பிடித்து, எங்கே தாமதம், ஏன் என்று எழுதட்டும். இரண்டு மணி நேரம் சலிக்காமல் செய்தாளானால், அந்த நோட்டைத் தம்பியிடம் காட்டுங்கள்.