மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் (FHIR) தரத்தில் மென்பொருள் எழுதும் எங்களுக்கு, நோயாளிப் பதிவுகளுக்கு மாதிரிகள் வகுக்கும் ஓப்பன் ஈ.ஹெச்.ஆர். (openEHR) குழுக்களின் அனுபவம் எதற்கு?

கட்டாயம் வேண்டும். பாம்பன் பக்கம் சுகாதார நிலையத்தில் ஒரு மீனவருக்கு ரத்த அழுத்தம் 150/90 என்று வைத்துக்கொள்வோம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அந்த எண் மட்டும் போனால் போதாது. உட்கார்ந்து எடுத்ததா, படுத்தபடியா, கையில் சுற்றிய பட்டை என்ன அளவு என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். ஓப்பன் ஈ.ஹெச்.ஆர். குழுவினர் மருத்துவர்களோடு விவாதித்து, இதற்கெல்லாம் ரத்த அழுத்த மாதிரியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். ஃபயரில் இருப்பது ‘அப்சர்வேஷன்’ என்ற பொது அமைப்பு. அதில் எது எந்த அளவு என்று காட்ட, மருத்துவ அளவீடுகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான லாயிங்க் (LOINC) உதவும்: மேல் அழுத்தத்துக்கு 8480-6, கீழ் அழுத்தத்துக்கு 8462-4. உட்கார்ந்தா, படுத்தா என்பதை நீட்டிப்பாக, அதாவது கூடுதல் புலமாகச் சேர்க்க வேண்டும். இப்படி என்னென்ன விவரங்கள் வேண்டும் என்ற பட்டியலைப் புதிதாக யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள், ஓப்பன் ஈ.ஹெச்.ஆர். குழுவினருடையதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபயர்காரர்களிடமும் கற்க நல்ல வழக்கம் உண்டு: ‘கனெக்டத்தான்’ சந்திப்புகளில் வெவ்வேறு மென்பொருள்களை இணைத்துத் தகவல் சரியாகப் போகிறதா என்று அங்கேயே சோதிப்பார்கள்.