ஆய்வுக் கட்டுரையைக் கேள்வி கேட்டுப் படிப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: 15 கட்டுரைகள் படித்து இலக்கிய மீளாய்வு (என் தலைப்பில் முன்பே வந்த ஆய்வுகளை எடைபோடும் பகுதி) எழுதினேன். "வெறும் சுருக்கமாக இருக்கிறது" என்று நெறியாளர் திருப்பிவிட்டார். என்ன குறை?

ப: ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் வரிசையாக வாசியுங்கள். "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்று போனால் அதுதான் கோளாறு. ஆளுக்கொரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்கொரு பத்தி எழுத வேண்டும்.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் கட்டுரைகள், மேலே கேள்வி, தரவு, முடிவு, ஓட்டை என நான்கு தலைப்புகள். நிரப்பிய பின் மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பேர் எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கும் இடம் கண்ணில் படும். பத்தியை அங்கே தொடங்குங்கள். தரவு வேறா, அளந்த முறை வேறா, எது உங்களுக்கு ஏற்புடையது, ஏன்?

விமர்சனம் என்றாலே குறை சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். நன்னூல் என்ற பழைய இலக்கண நூல் சொல்லும் 'எழுவகை மதத்தில்' (நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகள்) முதலாவதே உடன்படல்தான், மறுத்தல் அதற்கு அடுத்தது. அந்த ஏழில் மீளாய்வுகளில் காணாமல் போவது 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு': இருவர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிவது.

கே: பெரிய ஆய்விதழில் வந்தால் நம்பலாம்தானே?

ப: எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-இல் வந்தது லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில். 12 குழந்தைகள், ஒப்பிட வேறு குழு கிடையாது. அதை இதழ் திரும்பப் பெற்றது 2010-இல். ஆகவே கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கவுரையோடு நிற்காமல் 'முறைகள்' பகுதிக்குப் போங்கள்: எத்தனை பேர், எப்படித் தேர்ந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள்? மேற்கோள் காட்டும் முன் இதழின் இணையப் பக்கத்தையும் பாருங்கள். திரும்பப் பெற்ற அறிவிப்பு அங்கே இருக்கும். நண்பர் அனுப்பிய பழைய பிடிஎஃப்பில் இருக்காது.

கே: "ஆபத்து இருமடங்கு" என்று கட்டுரை சொன்னால் அப்படியே எழுதலாமா?

ப: எதிலிருந்து எதற்கு என்று சேர்த்து எழுதுங்கள். 1995-இல் பிரிட்டனில், புதுவகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்கட்டு ஆபத்து இரட்டிப்பாகும் என்ற எச்சரிக்கை பெரும் பீதியைக் கிளப்பியது. உண்மையில் 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு என்றாகியிருந்தது. இரண்டு வாக்கியமும் சரிதான். முதலாவதை மட்டும் கேட்டுப் பலர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

கே: கட்டுரையைச் சாட்ஜிபிடியிடம் சுருக்கி வாங்கலாமா?

ப: படிக்க வேண்டியதா என்று தீர்மானிக்க மட்டும். அது காட்டும் மேற்கோள்களில் சில உலகத்திலேயே இல்லாதவை. ஒவ்வொன்றையும் நூலகத் தேடலில் போட்டுப் பாருங்கள்.