வாசகர் கேள்வி பதில்: உக்ரேனியரோடு நாலு வார்த்தை

கேள்வி: எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டுக்கு ஓர் உக்ரேனியக் குடும்பம் குடிவந்திருக்கிறது. அவர்கள் மொழியில் வணக்கம், நன்றி சொல்ல ஆசை. செயலியில் கொஞ்சம் ரஷ்ய மொழி கற்றிருக்கிறேன். அது போதாதா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: ரஷ்ய மொழியில் நீங்களாகத் தொடங்காதீர்கள். வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்த உக்ரேனியர் நிறையப் பேர் உண்டு, குறிப்பாக ஒதெசா, கார்கிவ் பக்கத்தவர்கள். ஆனால் 2022க்குப் பிறகு அவர்களில் பலர் வேண்டுமென்றே உக்ரேனிய மொழிக்கு மாறிவிட்டார்கள். அவர்களாக ரஷ்ய மொழியில் பேசினால் பதில் சொல்லுங்கள், தவறில்லை.

உச்சரிப்பில் தமிழருக்கு நல்ல வசதி. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் ‘டோப்ரி டென்’ என்று ட போட்டுச் சொல்கிறார்கள். உக்ரேனியத்தில் அந்த இடத்தில் நாக்கு மேல்பல்லைத் தொடும். அது நம்முடைய த. ‘அந்த’ என்பதில் வருகிற மெல்லிய த. கடைசி எழுத்தும் நமக்கு வரும்: ஏறக்குறைய ஞ். ஆகவே ‘தோப்ரிய் தெஞ்’. பகல் நேர வணக்கம் இதுதான்.

நன்றிக்கு ‘தியாக்குயு’. அழுத்தம் முதல் அசையில், ‘க்கு’ வல்லோசையாக. ‘தயவுசெய்து’ என்பதற்கும், யாராவது நன்றி சொன்னால் ‘பரவாயில்லை’ என்பதற்கும் ஒரே சொல்தான்: ‘புத் லாஸ்கா’. இதில் ‘பு’வை ‘அம்பு’ என்பதில் வருவதுபோல ஒலியுங்கள், அழுத்தத்தை ‘லா’வில் வையுங்கள். மன்னிப்புக் கேட்க ‘விபச்தெ’. ஆம் என்பதற்கு ‘தாக்’, இல்லை என்பதற்கு ‘நி’. விடைபெற ‘தொ பொபாச்சென்யா’.

ரஷ்ய மொழி கற்றவர்கள் தடுக்குவது ஒகரத்தில். அங்கே அழுத்தம் இல்லாத ஒகரம் அகரமாகிவிடும். உக்ரேனியத்தில் ஒகரம் ஒகரமாகவே நிற்கும். ‘தொ பொபாச்சென்யா’வை ‘தா பபாச்சென்யா’ ஆக்கினால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்களுக்கும் உண்டு: ‘தி’, ‘வி’. முதலில் ‘வி’ போடுங்கள். ‘பிரிவித்’ என்பது நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்வது, மூத்தவரிடம் வேண்டாம். பெண்ணுக்குப் ‘பானி’, ஆணுக்குப் ‘பான்’ என்பது மரியாதை. அதன்பின் முதற்பெயர் வரும். நம் விளி வேற்றுமை அங்கும் இருப்பதால், கூப்பிடும்போது பெயரின் ஈறு மாறும்: ஒலெனா ‘பானி ஒலெனோ’ ஆவார், அந்திரிய் ‘பானெ அந்திரியு’ ஆவார். இதைச் சரியாகச் சொல்லும் வெளிநாட்டவர் மிகக் குறைவு. நீங்கள் சொன்னால் அவர் முகம் மலரும்.

கேள்வி: பலகாரம், பூ கொடுக்கலாமா? (அதே வாசகி)

பதில்: தாராளமாக. ஆனால் நாம் வழக்கமாகச் செய்வதுபோல கேட்டின் கம்பி இடுக்கு வழியாக நீட்டாதீர்கள். வாசற்படிக்கு இருபுறமும் நின்றுகொண்டு கைகுலுக்குவதும் பொருள் கொடுப்பதும் ஆகாது என்ற நம்பிக்கை அங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. அவர்கள் வெளியே வரட்டும், அல்லது நீங்கள் உள்ளே போங்கள். செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். வீட்டுச் செருப்பு கொடுத்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

பூங்கொத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கை இருக்க வேண்டும். மொய்க்கு ஒரு வெள்ளி சேர்த்து வைப்பதுபோல என்று நினைவில் வைக்கலாம். இரட்டைப்படை இறுதிச் சடங்குக்கு உரியது. தேக்காவில் ரோஜாவைப் பத்து, பன்னிரண்டு என்று கட்டிவைத்திருந்தால் ஒன்றை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சைவம். என் நண்பர் பன்றி சாப்பிட மாட்டார். ஓர் உக்ரேனிய வீட்டு விருந்துக்குப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை. மேசைக்கு வந்தபின் மறுத்தால் சமைத்தவர் சங்கடப்படுவார். ‘யா நெ யீம் மியாசா’ என்றால் நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. பலருக்கு இறைச்சி என்ற சொல்லில் மீன் அடங்காது. அதனால் ‘மியாசா, குர்கி, ரிபி’ என்று கோழியையும் மீனையும் சேர்த்தே சொல்லுங்கள். நண்பர் ‘பெஸ் ஸ்வினினி’ என்று கேட்கலாம்: பன்றி இல்லாமல். மாட்டிறைச்சி ஆகாதவர்களுக்கு ‘பெஸ் யாலொவிச்சினி’.

கண்ணுக்குத் தெரியாமல் இறைச்சி சேர்வது இரண்டு இடங்களில். போர்ஷ்ச் என்ற பீட்ரூட் சூப்பில் துண்டு எதுவும் தெரியாவிட்டாலும், அடிநீர் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டு எலும்பை வேகவைத்தது. உருளைக்கிழங்கோ முட்டைக்கோஸோ வைத்த வரெனிகி கொழுக்கட்டை சைவம்தான், ஆனால் மேலே பன்றிக் கொழுப்பைப் பொரித்துத் தூவுவார்கள். அதன் பெயர் ‘ஷ்க்வார்கி’. ‘பெஸ் ஷ்க்வாரொக்’ என்று சொல்லிவையுங்கள்.

உங்களுக்கு மிகவும் கைகொடுக்கும் சொல் ‘பிஸ்னிய்’, அதாவது நோன்புக்குரியது. ‘பிஸ்னிய் போர்ஷ்ச்’ இறைச்சி இல்லாமல், பல வீடுகளில் உலர்ந்த காளான் போட்டுச் செய்வது. மீன் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு என்பதால் அதையும் கேட்டுவிடுங்கள்.

சாப்பிடுமுன் ‘ஸ்மச்னோஹோ’ என்பார்கள். சுவைத்துச் சாப்பிடுங்கள் என்று பொருள். கோப்பையை உயர்த்தும்போது சொல்வது ‘புத்மோ’. வெளிநாட்டவர் அந்த இடத்தில் ‘நா ஸ்தொரோவ்யா’ என்கிறார்கள். அது சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவருக்கு வீட்டுக்காரர் சொல்லும் பதில்.

கேள்வி: உக்ரேனுக்கே போய்வர முடியுமா? போரைப் பற்றிப் பேசலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரேனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. சுற்றிப் பார்க்கப் போகும் நேரம் இதுவல்ல. வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையை முதலில் படியுங்கள். வேலைக்காகப் போகவேண்டியவர்கள் நினைவில் வைக்க மூன்று: சோதனைச் சாவடிகளையும் ராணுவத்தினரையும் படம் எடுக்கக் கூடாது, ஊரடங்கு நேரத்தை ஊருக்கு ஊர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், தினமும் காலை 9 மணிக்கு ஒரு நிமிட மௌனம், பக்கத்தில் இருப்பவர்கள் நின்றால் நீங்களும் நில்லுங்கள். கடைகளில் 2021 ஜனவரி 16 முதல் சட்டப்படி உக்ரேனிய மொழியில்தான் முதலில் பேசுவார்கள். விலை கேட்க ‘ஸ்கில்கி கொஷ்துயெ’.

போரைப் பற்றி நீங்களாகக் கருத்துச் சொல்லவோ, எப்போது முடியும் என்று கேட்கவோ வேண்டாம். ஊரில் வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இழப்பைச் சொன்னால் ‘ஸ்பிவ்ச்சுவாயு’ என்ற ஒரு சொல் போதும், அது அனுதாபம். பிறகு அவர் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள்.