வேலிச்சீரைக்கு 180 ரூபாயா?

கே: பாறசாலைப் பக்கம் ஒரு நர்சரியில் 'மல்டிவைட்டமின் செடி' என்று 180 ரூபாய்க்கு வாங்கினேன். பார்த்தால் சித்தி வீட்டு வேலி முழுக்க அதே செடி! – வாசகி, களியக்காவிளை

ப: அது தவசிக்கீரை. மலையாளத்தில் அதன் பெயரே வேலிச்சீரை. மதுரச்சீரை என்றும் சொல்வார்கள். வேலியில் நிற்பதற்குப் புதுப்பெயர் வைத்து விலை ஏற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் ஒருமுறை 'தவசி முருங்கை' என்று கேட்டு வாங்கி, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றினேன். வளர்ந்தது சித்த மருந்துக்குப் பறிக்கும் வேறொரு செடி. இரண்டையுமே அந்தப் பெயரில் விற்கிறார்கள். அதனால் பெயரை விடுங்கள், கிளையைத் திருப்பிப் பாருங்கள். ஈர்க்குப் போன்ற கிளையில் இரு பக்கமும் வரிசையாக இலை, அதன் அடியில் பொத்தான் மாதிரி சிவந்த பூ, அப்புறம் வெள்ளைக் காய். அதுதான் தவசிக்கீரை.

சித்தியிடம் முற்றிய தண்டாக, பென்சில் பருமனில் ஒரு சாண் கேளுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றுங்கள். வேர் பிடித்துவிட்டால் மழையும் தாங்கும், அரை நிழலும் தாங்கும். இடுப்பளவுக்கு மேல் விடாமல் நுனியை ஒடித்துக்கொண்டே இருந்தால் துவரனுக்கு (தேங்காய் போட்ட பொரியல்) கொழுந்து குறையாது.

கே: எடை குறைய இதே கீரையின் பச்சைச் சாறு விற்கிறார்கள். வாங்கலாமா? – தக்கலை

ப: வேண்டவே வேண்டாம். 1990-களில் தைவானில் எடை குறைக்க இந்தச் சாற்றைக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டது, மீளவும் இல்லை. வேகவைத்து, அளவாகச் சாப்பிடுங்கள்.

கே: ஆன்லைனில் வாங்கிய 10 பாக்கெட் கீரை விதையில் ஒன்றும் முளைக்கவில்லை. பாக்கெட்டில் தேதிகூட இல்லை. – குழித்துறை

ப: தேதி இல்லை என்று தெரிந்தும் ஏன் விதைத்தீர்கள்? கைக்கு வந்த அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கே: கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் 20 தவசிக்கீரை நாற்று வாங்கினேன். ஒரே வாரத்தில் எல்லாம் பட்டுப்போயின. கவரைக் கிழித்தால் வேரே இல்லை, குச்சியின் அடி கறுத்திருந்தது. கடைக்காரர், "தமிழ்நாட்டுக்காரங்க இங்க கேஸ் போட முடியாது" என்கிறார். வயது 67. – மேல்புறம்

ப: அம்மா, அவர் சொல்வது பொய். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது நாகர்கோவில். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வேரில்லாத குச்சியைக் கவரில் குத்தி நாற்று என்று விற்றது உங்கள் கவனக்குறைவு அல்ல, அவருடைய ஏமாற்று. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அந்தக் கறுத்த குச்சிகளை எறிந்துவிடாமல் கவரோடு படம் எடுத்து வையுங்கள். பில் இருந்தால் நகலை எனக்கு அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.