தங்கிப் போனவர் விட்டுச் சென்ற சாமானை விற்கலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். கணவரின் அண்ணன் மகன் 8 மாதம் எங்களோடு தங்கி வேலைக்குப் போய்வந்தான். ஒருநாள் சொல்லாமல் போய்விட்டான். மறுநாள் வாட்சப்பில், "சித்தி, சாமான் அங்கேயே இருக்கட்டும், சம்பளம் வந்ததும் எடுத்துக்கிறேன்" என்று போட்டான். 5 மாதமாகிறது. மோட்டார்சைக்கிள், டிவி, பூட்டிய பெட்டி, துணிமணி, அவனுடைய ஐசி (அடையாள அட்டை) எல்லாம் இங்கேயே கிடக்கின்றன. கரண்ட் பில்லுக்கு அவன் 1,200 ரிங்கிட் தரவேண்டும். டிவியையும் மோட்டாரையும் விற்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: விற்காதீர்கள், சகோதரி. அவன் கடன் வேறு, அவன் சாமான் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குத் தீர்க்கச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை இல்லை. பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை, அந்தப் பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்திப் பழுது பார்த்த மெக்கானிக் போன்றவர்களுக்குத்தான் உண்டு. சோறு போட்டு இடம் கொடுத்தவருக்கு இல்லை. விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டால், குற்றவியல் சட்டம் 403ஆம் பிரிவின் கீழ் அவன் உங்கள்மேல் புகார் கொடுக்க வழி பிறக்கும். அதற்குத் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

அவன் அனுப்பிய அந்த வாட்சப் வரியை அழித்துவிடாதீர்கள். "இருக்கட்டும்" என்று அவன் சொல்லி, நீங்களும் வைத்திருப்பதால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி நீங்கள் அவன் பொருளுக்குப் பொறுப்பாளர். 104ஆம் பிரிவு கேட்பது பெரிய காவல் அல்ல. சாதாரண நிதானமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு போதும். டிவியை மழைச்சாரல் படாத இடத்தில் வையுங்கள், மோட்டாரைக் கூரைக்கடியில் நிறுத்துங்கள். அவசரத்துக்குக்கூட அதை ஓட்டாதீர்கள். காப்புறுதி முடிந்திருந்தால் விபத்து நடக்கும்போது அத்தனையும் உங்கள் தலையில் விழும். பேங்க் கடன் பாக்கி இருந்தால் அது இன்னும் முழுதாக அவனுடையதுகூட அல்ல. அவன் சம்மதம் இல்லாமல் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பெயர் மாற்றவும் முடியாது. மலிவாகக் கேட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்தப் பூட்டிய பெட்டிதான். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37(டி) பிரிவு, உங்கள் பாதுகாப்பில் உள்ள எதிலாவது போதைப்பொருள் இருந்தால், அது உங்கள் வசம் இருந்தது என்றும் இன்னதென்று உங்களுக்குத் தெரியும் என்றும் அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அந்தப் பையனைத் தவறாகச் சொல்லவில்லை. உள்ளே பழைய சட்டைதான் இருக்கலாம். இருந்தாலும் பூட்டை உடைக்காதீர்கள், வேறு வீட்டுக்குத் தூக்கிப்போகவும் வேண்டாம். இந்த வாரமே போலிஸ் ரிப்போர்ட் செய்யுங்கள்: யார், எப்போது போனார், என்னென்ன இருக்கிறது, பெட்டி பூட்டியே இருக்கிறது, சாவி உங்களிடம் இல்லை. மோட்டாரின் பதிவு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், களவு போன வண்டியா என்பது அப்போதே தெரிந்துவிடும். பெட்டிமேல் சந்தேகம் வந்தால் தொடாமல் போலிசை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

ஐசியை வைத்திருக்காதீர்கள். அடுத்தவர் ஐசியைக் காரணமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். அதிலுள்ள முகவரியைக் குறித்துக்கொண்டு, ரிப்போர்ட் செய்யும் அன்றே போலிசிடமோ ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) அலுவலகத்திலோ ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்து வாங்குங்கள்.

பிறகு நோட்டீஸ். அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலிலும், அதையே வாட்சப்பிலும் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"நீ விட்டுச் சென்ற கீழ்க்கண்ட பொருள்கள் எங்கள் வீட்டில் உள்ளன. இக்கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் வந்து எடுத்துக்கொள், அல்லது யாரிடம் கொடுக்கலாம் என்று எழுத்தில் தெரிவி. தவறினால் பழைய துணிகளை அப்புறப்படுத்துவோம். மற்றவை உன் பொறுப்பில் இருக்கும். பாதுகாக்க ஆகும் அவசியச் செலவை உன்னிடம் கேட்போம்."

ஒப்பந்தச் சட்டம் இத்தனை நாள் என்று எண் சொல்லவில்லை, நியாயமான அவகாசம் கொடுத்தீர்களா என்பதே கேள்வி. 3 நாள் கொடுத்தால் அது எடுபடாது. பொருள் ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, டிவியின் சீரியல் எண்ணையும் எழுதி, பக்கத்து வீட்டார் ஒருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

30 நாள் கழிந்ததும் கந்தல், பூசணம் பிடித்த துணியைத் தூக்கிப்போடுவதில் ஆபத்து மிகக் குறைவு. டிவி, மோட்டார், பெட்டி அப்படி அல்ல. அவனுடைய அம்மா வந்து கேட்டாலும், அவன் எழுத்தில் சொல்லாமல் கொடுக்காதீர்கள். பெற்ற தாய்க்கு இல்லை என்று சொல்வது குடும்பத்தில் சங்கடம்தான். ஆனால் தப்பானவரிடம் கொடுத்தாலும் நட்டஈடு கேட்க அவனுக்கு 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. வைக்க இடமே இல்லையென்றால், விற்பதற்கு முன் வக்கீல் மூலம் கோர்ட் உத்தரவு கேளுங்கள்.

1,200 ரிங்கிட்டுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு உரிமைக்கோரல் இருக்கிறது. படிவம் 198ஐ நிரப்பி நீங்களே பதியலாம், வக்கீல் வேண்டாம். பில்களையும், "தருகிறேன்" என்று அவன் ஒப்புக்கொண்ட மெசேஜையும் இணையுங்கள். உறவுக்காரப் பையனுக்குப் பிரியமாகச் செய்தது கடனாகாது, அவன் தருவதாகச் சொன்னதற்குச் சான்று வேண்டும். அவன் சாமான் எடுக்க வரும் நாளில் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். பணம் தந்தால்தான் தருவேன் என்று வாசலில் மறிக்காதீர்கள்.