தேத்தண்ணியும் நெஞ்சுப் படபடப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வேளாண்மைக்கு யானைக் காவல் இருக்கிறேன். இரவில் ஆறு பிளேன்டீ, நடுவில் ஒரு எனர்ஜி டிரிங்க். விடியப் படுத்தால் நெஞ்சு படபடக்குது, நித்திரையும் வராது. இதயக் கோளாறா? (சம்மாந்துறை)

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் நித்திரையை விரட்டும் கஃபீன் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். சாயம் கடுமையானால் இன்னும் கூடும். 250 மில்லிலீற்றர் எனர்ஜி டிரிங்கில் பொதுவாக 80. மொத்தம் 350 அளவில் வருகிறது. சுகதேகியான ஒருவருக்கு முழு நாளுக்குமே 400தான் எல்லை.

களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்ளும். களைப்பு அப்படியே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. கூடவே அட்ரினலின் என்ற ஹோர்மோன் சுரப்பதால் நெஞ்சு பலமாக அடிக்கும். குடித்ததில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் செல்லும். காலை 6 மணிக்குப் படுப்பதென்றால் கடைசிக் கோப்பை இரவு 12 மணிக்கு முன் முடியட்டும். எனர்ஜி டிரிங்கை அடியோடு விடுங்கள்.

ஒன்றும் குடிக்காத நாளிலும் படபடப்பு வந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்தால் விடியும்வரை பொறுக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கிளினிக்கில் மட்டும் பிறஷர் கூடக் காட்டுகிறதே? (களுவாஞ்சிக்குடி)

பதில்: வாசலில் கோப்பி குடித்துவிட்டு உள்ளே போகிறீர்களா? அளப்பதற்கு முந்திய 30 நிமிடத்தில் கோப்பி, தேத்தண்ணி, சிகரட் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். வீட்டிலும் அளந்து எழுதிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நோன்பின் முதல் மூன்று நாளும் அஸரோடு (பின்னேரத் தொழுகை நேரம்) தலை பிளக்கிறது. (காத்தான்குடி)

பதில்: பசியோடு கஃபீன் கிடைக்காததும் காரணம். கடைசிக் கோப்பையிலிருந்து 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் இந்த வலி தொடங்கும். றமழானுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கோப்பை வீதம் குறைத்து வாருங்கள். ஸஹரில் (விடியுமுன் சாப்பாட்டில்) ஒரு சின்னக் கோப்பை குடிக்கலாம், ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: கூடவே கூடாது, மகள். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடலில் சேராது. தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்குங்கள்; தேத்தண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கர்ப்பகாலத்தில் கஃபீன் மெதுவாகவே கழியும், பிள்ளைக்கும் போகும். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: மல்லிக் கோப்பி நல்லதா? (அக்கரைப்பற்று)

பதில்: தனி மல்லியை அவித்தால் அதில் கஃபீனே இல்லை. கோப்பிக்கொட்டை சேர்த்து இடித்ததென்றால் உண்டு. கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள் கோப்பியைத் தூளோடு அவித்து வடிக்காமல் குடிப்பதைக் குறைக்க வேண்டும். கோப்பி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கொலஸ்ட்ரோலைக் கூட்டும். கடதாசி வடியில் வடித்தால் அதில் பெரும்பங்கு நின்றுவிடும். கம்பி வடி அந்தளவுக்குப் பிடிக்காது.