நண்பர் அருகில் நிற்கட்டும், ஸ்பேனர் உங்கள் கையில் இருக்கட்டும்

கேள்வி: ஐயா, அடுத்த மாதம் என் மோட்டார் சைக்கிளில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறேன். வண்டி வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. காற்றடிப்பதைத் தவிர வேறெதையும் நானாகச் செய்ததில்லை. வண்டி வேலை நன்கு தெரிந்த என் நண்பன், "புறப்படுவதற்கு முந்தைய நாள் கொண்டுவந்து விடு, எல்லாவற்றையும் நான் பார்த்துத் தருகிறேன்" என்கிறான். அவன் என்னோடு வரப்போவதில்லை. எதையெதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

பதில்: வேலை தெரிந்த ஒருவர் தம் ஓய்வு நாளை உங்களுக்காகக் கொடுக்க முன்வருவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவர் சொன்ன ஏற்பாட்டில் இரண்டை மாற்றச் சொல்வேன். முதலாவது, முந்தைய நாள் வேண்டாம். மூன்று வாரங்களுக்கு முன்பே அவரிடம் போய்விடுங்கள். தேய்ந்த பாகம் கண்ணில் பட்டால் அதை வாங்கி வரவும், மாற்றவும், மாற்றிய பின் 200 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்க்கவும் அவ்வளவு நாள் வேண்டும். இரண்டாவது, இதுவே முக்கியம்: அவர் வேலை செய்ய நீங்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது, நீங்கள் செய்ய, அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புறப்பட்ட மூன்றாம் நாள், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் செயின் தொங்கிப்போய்ச் சடசடக்கும்போது ஸ்பேனரைப் பிடிக்கப்போவது உங்கள் கைதான். ஒரு நட்டை எவ்வளவு முறுக்கினால் போதும், எதற்கு மேல் முறுக்கினால் திருகு மரை போய்விடும் என்பதை அந்தக் கை, திருத்திச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

செயினிலிருந்து தொடங்குங்கள். வழியில் அடிக்கடி கைவைக்க வேண்டிவரும் இடமும் அதுதான், இரண்டு பேர் இருந்தால் மிக எளிதாகிவிடும் வேலையும் அதுதான். என்ஜினை அணைத்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வையுங்கள். நண்பர் பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றி நிறுத்தட்டும். நீங்கள் இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினை ஒரு விரலால் மேலும் கீழும் தள்ளி, அது எவ்வளவு ஆடுகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். அவர் மறுபடி சுற்றட்டும், நீங்கள் மறுபடி அளக்க வேண்டும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. ஓரிடத்தில் 35 மில்லிமீட்டர் ஆடுகிற அதே செயின், கால் சுற்று தள்ளி 20 மில்லிமீட்டர்தான் ஆடும். இறுக்கமான அந்த இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கே வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கிவிட்டால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸின் பேரிங்கைச் செயின் பிடித்து இழுக்கும். சாலையில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் போதும். உயரமான சஸ்பென்ஷன் உள்ளவற்றுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். உங்கள் வண்டியோடு வந்த கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே கணக்கு. முடித்த பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, பயணத்துக்குரிய மூட்டையோடு நீங்கள் ஏறி உட்காருங்கள். நண்பர் குனிந்து செயினைத் தொட்டுப் பார்க்கட்டும். பின்பக்கம் அமுங்கும்போது பெரும்பாலான வண்டிகளில் செயின் இறுகும். அந்த நிலையிலும் கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருக்க வேண்டும். தனியாளாக இதைப் பார்க்கவே முடியாது.

பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல ஆகியிருந்தால், செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் ஒன்றாக மாற்றுங்கள்; புதுச் செயினைப் பழைய பல்லில் மாட்டினால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, வண்டி ஓடிச் செயின் சூடாக இருக்கும்போது எண்ணெய் தெளியுங்கள். பெட்ரோல் வேண்டாம், செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களை அது கெடுக்கும். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். துணியின் ஓரம் பல்லில் சிக்கினால் கையை உருவிக்கொள்ள நேரம் இருக்காது, விரல் போய்விடும்.

இந்த இடத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், புறப்படுவதற்கு முந்தைய இரவில் நானும் என் நண்பரும் இதே வேலையில் இறங்கினோம். பின்சக்கரத்தின் அச்சை, அதாவது ஆக்சிலைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, செயினைச் சரிசெய்து முடிக்கும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. நான் விளக்கெடுக்க உள்ளே போனேன். அவர் கை கழுவப் போனார். நட்டை அவர் இறுக்கியிருப்பார் என்று நானும், நான் இறுக்கியிருப்பேன் என்று அவரும் நினைத்துக்கொண்டோம். மறுநாள் காலை 60 கிலோமீட்டர் போன பிறகு, வளைவுகளில் வண்டியின் பின்பாதி தனியாக நெளிவது போலத் தோன்றியது. ஓரங்கட்டிக் கையை வைத்துப் பார்த்தேன். ஆக்சில் நட்டு இரண்டு விரலுக்கே சுழன்றது. அன்று முதல் எங்களுக்குள் ஒரு வழக்கம்: நட்டைக் கழற்றியவர்தான் இறுக்க வேண்டும், மற்றவர் ஸ்பேனர் வைத்துச் சரிபார்த்து, நட்டின் மீதும் அதன் அடியில் உள்ள உலோகத்தின் மீதும் சேர்ந்தாற்போல் வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. பயணத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரே பார்வையில் இதைப் பார்த்துவிடலாம். நீங்கள் இருவரும் இந்த வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டயர். பள்ளங்களுக்கு இடையே சிறு மேடாக இருக்கும் தேய்மான அடையாளத்தை டயரின் மேற்பரப்பு நெருங்கிவிட்டதென்றால், "இந்தப் பயணத்தைத் தாங்கிவிடும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மொட்டை டயர் மழை பெய்த சாலையில் பிடிக்காது. தேய்மானம் குறைவாகத் தெரிந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு வண்டியில் முதலில் வந்த டயரே இருந்தால், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் உண்டா என்று வெளிச்சம் பிடித்துத் தேடுங்கள். மாற்றுவதென்றால் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். புது டயரின் மேற்பரப்பு முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கும். பாரம் ஏற்றிய வண்டியோடு அதைப் பழக்கக் கூடாது.

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போதே நண்பர் பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கட்டும். ஹேண்டில்பாரை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். நேர்நிலையில் லேசாகத் தட்டி நின்று போவது போல இருந்தால், கழுத்துப் பகுதியின் பேரிங் குழி விழுந்துவிட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது 'டக்' என்று கைக்குத் தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது. கிளட்ச் கேபிளை லிவரிலிருந்து கழற்றி, அதன் உருண்டை முனைக்கு அருகே பாருங்கள். ஓர் இழை பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள், மற்ற இழைகளும் ஒவ்வொன்றாக அதன் பின்னே போகும். பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டால் இப்போதைக்குப் போதும்.

கேள்வி: முன் பிரேக்கைப் பிடித்தால் லிவர் பஞ்சு போல அமுங்குகிறது. பிரேக் ஆயிலை நானும் என் தோழியும் வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: முடியும், அவசரப்படாமல் இருந்தால். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரக் குறியீடு உள்ள புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

ஒருவர் லிவரிலும் ஒருவர், சக்கரத்தின் பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் அருகிலும் இருங்கள். லிவரில் இருப்பவர் மெதுவாக இரண்டு மூன்று முறை அழுத்தி, கடைசி அழுத்தத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு "பிடித்திருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே மற்றவர், காலிப்பரில் ஆயிலை வெளியேற்றுவதற்கென உள்ள திருகை, அதாவது சிறு குழாய் மாட்டிய பிளீடிங் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். பழைய ஆயில் டீ நிறத்தில் குமிழ்களோடு வெளியேறும். லிவர் கைப்பிடியைத் தொடும். நிப்பிளை மூடி, "மூடிவிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் லிவரை விட வேண்டும். சொல்லாமல் விட்டால், வெளியேற்றிய காற்று மறுபடி உள்ளே போய்விடும். குமிழ் நின்று தெளிந்த ஆயில் வரும் வரை இதைத் தொடருங்கள். இடையில் மேலே உள்ள டப்பா வற்றிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது லிவரில் இருப்பவரின் பொறுப்பு. சீல் உடைக்காத புட்டியையே வாங்குங்கள். டப்பாவின் மூடியில் எந்த வகை அச்சிட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். அதை டாட் 4 ஆயிலோடு கலக்கக் கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இத்தனையும் செய்த பிறகும் லிவர் பஞ்சாகவே இருந்தால், கருவி உள்ள பணிமனைக்குத்தான் போக வேண்டும். லிவர் உறுதியாக நிற்காத வண்டியைப் பயணத்துக்கு எடுக்கவே கூடாது.

கேள்வி: காருக்கு வாங்கிய நல்ல ரக என்ஜின் ஆயில் வீட்டில் மிச்சம் இருக்கிறது. அதையே என் வண்டிக்கும் ஊற்றலாம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்திருப்பார்கள். அவை தட்டுகளை வழுக்கவிடும். ஏற்றத்தில் என்ஜின் இரையும், வேகம் ஏறாது. புட்டியில், இத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து, கையேடு சொல்லும் தடிமனில் வாங்குங்கள்.

கேள்வி: வழியில் என்னென்ன கருவிகளும் பாகங்களும் கொண்டுபோக வேண்டும்? பட்டியல் ஒன்று தாருங்கள்.

பதில்: உங்கள் பட்டியலை நீங்களேதான் தயாரிக்க முடியும், அதற்கு ஒரு வழி இருக்கிறது. நண்பரின் பெரிய கருவிப்பெட்டியை அன்று திறக்காதீர்கள். நீங்கள் எடுத்துப்போக எண்ணியிருக்கும் கருவிகளை ஒரு துணியில் பரப்பி, அவற்றை மட்டும் கொண்டே சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், செயினைச் சரிசெய்யுங்கள். எங்கே வேலை நின்றுபோகிறதோ, அங்கே தேவைப்படும் கருவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த ஸ்பேனரின் கைப்பிடி குட்டையாக இருப்பதால் ஆக்சில் நட்டை அசைக்கவே முடியாது என்பது பலருக்கு நடுவழியில்தான் தெரியவருகிறது. அன்று கைபடாத கருவியைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

ட்யூப் உள்ள சக்கரமென்றால் மாற்று ட்யூபும் நெம்புகோல்களும் வேண்டும். ட்யூப் இல்லாததென்றால் துளையடைக்கும் திரிகளும் அவற்றைச் செருகும் ஊசியும் வேண்டும். இரண்டுக்கும் ஒரு சிறு காற்று பம்பு அவசியம். பழைய டயர் ஒன்றில் ஆணியை அடித்து, திரி செருகிப் பழகிப் பாருங்கள். முதல் முறை செருகும்போது எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பது வியப்பாக இருக்கும். ஃபியூஸ்கள், ஒரு பிளக், கிளட்ச் லிவர் ஆகியவையும் இருக்கட்டும். மாற்று கிளட்ச் கேபிளைப் பையில் சுருட்டி வைக்காமல், பழைய கேபிள் போகும் வழியிலேயே அதற்குப் பக்கத்தில் கட்டி, இரு முனைகளையும் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டால், அறுந்த இடத்தில் பெட்ரோல் டேங்கைக் கழற்றாமலே பத்து நிமிடத்தில் முனைகளை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: நானும் என் நண்பரும் ஒரே வண்டியில் போகிறோம். மூட்டைகளும் இருக்கின்றன. இதற்காகத் தனியாக எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில்: மூன்றை மாற்ற வேண்டும். பின்டயரின் காற்றழுத்தத்தை இருவருக்கு என்று கையேட்டில் தனியாகக் கொடுத்திருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். அடுத்து, பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைச் சில படிகள் இறுக்குங்கள். மூன்றாவதாக, இரவில் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஹெட்லைட் ஒளியின் மேல்விளிம்பு எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். நண்பரும் மூட்டையும் ஏறிய பிறகு ஒளி அந்தக் கோட்டுக்கு மேலே போயிருக்கும். அதைக் கீழே இறக்காமல் புறப்பட்டால் எதிரே வருபவரின் கண் கூசும், உங்களுக்கும் சாலை தெரியாது.

கனமான பொருள்களைத் தாழ்வாகவும் வண்டியின் நடுவுக்கு நெருக்கமாகவும் இருபுறமும் ஒரே எடையாகவும் கட்டுங்கள். பின்சக்கரத்துக்கும் பின்னால் உயரமாக ஏற்றினால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து, வேகத்தில் ஹேண்டில்பார் உதறத் தொடங்கும். கையேட்டில் உள்ள மொத்த எடை வரம்பில் உங்கள் இருவரின் உடல் எடையும் சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். கட்டிய பட்டைகளின் தொங்கும் முனைகளைச் செயினுக்கும் சைலன்சருக்கும் எட்டாதவாறு செருகிவிட்டு, முதல் 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். அதற்குள் துணிமூட்டைகள் அமுங்கி, எல்லாப் பட்டைகளும் தளர்ந்திருக்கும்.